மாங்காய்ப் பாவம்

என்னோடு ஞாயிறு பள்ளிப் பாயில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சியவர்களே, உங்களுக்கு இந்நேரம் சர்க்கரையும் முட்டிவலியும் வந்திருக்கும். எனக்கும் வந்துவிட்டது. முட்டி வலிக்கிறவன் சொல்வதை முட்டி வலிக்கிறவன்தான் உட்கார்ந்து கேட்பான். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். கூட்டத்தில் எழுந்து பேச எனக்கு வராது. நான்கு பேர் திரும்பிப் பார்த்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எழுதும்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுத்து இது. அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

இந்த வருடம் பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனையில் மறுபடியும் அந்த மாங்காய்க் கதையைச் சொன்னார்கள். சொன்னவர் ஐயப்பன்தாங்கல் பக்கம் அடுக்குமாடியில் குடியிருக்கும் ஒரு வாலிபர். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. பழைய இறையியல் அறிஞர்களிடமிருந்து இன்றைக்கு விசுவாசத்தை வாழக் கற்றுக்கொள்வது எப்படி என்று வாராவாரம் படிப்பு வட்டம் நடத்துகிறார். தினமும் காலையில் போனுக்கு ஒரு வாசகம் அனுப்புவார். யார் சொன்னதாக இருந்தாலும் பின்னால் ஒரு சூரியன் உதித்துக்கொண்டிருக்கும்.

"அந்த ஞானிகள் மாதிரி வாழ்ந்து காட்டினவர் நம்ம சபையிலேயே ஒருத்தர் இருந்தார்" என்று ஆரம்பித்து, எப்போதோ செத்துப்போன நம் செயலாளர் தாம் மாங்காய் திருடியதைப் பீடத்தில் நின்று அறிக்கையிட்ட கதையை அவர் சொன்னார். உள்ளே மூக்கு சிந்தும் சத்தம் கேட்டது. நான் வெளியே கஞ்சி அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. அது நல்ல சிரிப்பு இல்லை.

அந்தக் கதையின் மீதியை உள்ளே உட்கார்ந்திருந்த யாரும் சொல்லப்போவதில்லை. உங்களுக்கும் மறந்திருக்கும். நமக்கெல்லாம் கஞ்சியின் ருசி ஞாபகம் இருக்கும், கஞ்சியால் நடந்தது ஞாபகம் இருக்காது.

அப்போது நாங்கள் அத்திப்பட்டில் இருந்தோம். ஓட்டு வீடு. கொஞ்ச தூரத்தில் அம்பத்தூர் எஸ்டேட். பவர் பிரஸ் அடிக்கும் சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னால் தரை வழியாக முதுகுக்கு வந்துவிடும். பாயில் படுத்தால் இரண்டு இதயம் அடிப்பதுபோல இருக்கும். என் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். நைனா பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டர். இரும்புத் தகட்டை வைத்துக் காலால் மிதித்தால் மேலே இருந்து டை என்கிற இரும்பு அச்சு இறங்கி அடிக்கும், வேண்டிய வடிவத்தில் துண்டு விழும். அவருடைய காக்கிச் சட்டையின் எண்ணெய் வாசனை எங்கள் வீட்டுச் சோற்றிலும் இருந்தது. ஞாயிறு காலையில் தேங்காய் நாரால் தேய்த்துக் குளித்தாலும் நகக் கண்ணில் கருப்பு போகாது. திருவிருந்தில் அப்பம் வாங்க அவர் கையை நீட்டும்போது பக்கத்தில் முழங்காலிட்டிருப்பவர் தம் கையைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்வார். நான் பார்த்திருக்கிறேன்.

சபையின் செயலாளர் அதே கம்பெனியில், அதே பிரஸ் ஷாப்பில் சூப்பர்வைசர். தெற்கத்திக்காரர். வாரத்தில் ஆறு நாள் நைனாவை "வேய்" என்பார். ஏழாம் நாள் "சகோதரர்" என்பார். இரண்டுக்கும் குரல் ஒன்றுதான்.

பெரிய வெள்ளியன்று நண்பகலிலிருந்து மூன்று மணிவரை ஆராதனை. சிலுவையில் தொங்கியபடி ஆண்டவர் பேசிய ஏழு வார்த்தைகளுக்கு ஏழு பேர் பீடம் ஏறுவார்கள். அதுவரை பச்சைத் தண்ணீர் பல்லில் படக் கூடாது. முடிந்து ஆசீர்வாதம் சொன்ன பிறகு வெளியே மர நிழலில் கஞ்சி ஊற்றுவார்கள். பூண்டும் வெந்தயமும் போட்ட கஞ்சி, மந்தாரை இலைத் தொன்னையில். தொன்னையின் அடி ஈர்க்கு கழன்றால் முழங்கைவரை ஒழுகும். இப்போது காகிதக் கப் வந்துவிட்டது. எதுவும் ஒழுகுவதில்லை, எதிலும் வாசனையும் இல்லை.

அந்த ஏழு பேர் யார் என்பதில்தான் சபையின் மானம் மரியாதை எல்லாம். கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு அடித்துக்கொள்வார்களே, அதுபோல. செயலாளருக்கு எப்போதும் ஒரு வார்த்தை உண்டு. பிரஸ் ஷாப்காரனுக்கு வார்த்தை கிடைத்ததாகச் சரித்திரம் இல்லை. அவனுக்குக் கஞ்சி.

அந்த வருடம் புதிதாக ஒரு போதகர் வந்தார். இறையியல் கல்லூரியிலிருந்து சூடு ஆறாமல் வந்தவர். டிரங்குப் பெட்டி நிறையப் புத்தகம். துணிமணிக்குத் தனியாக ஒரு மஞ்சள் பை. ஈஸ்டருக்கு முன் வரும் லெந்து நோன்பு நாட்களுக்கென்று அவருக்கு ஒரு யோசனை வந்தது. ஏழு வார்த்தைக்கு ஏழு பேரைச் சீட்டுப் போட்டு எடுப்பது. ஒவ்வொருவரும் ஒரு பழைய ஞானியின் சீட்டையும் எடுப்பது. லெந்து முழுக்க அந்த ஞானி கற்பித்தபடி வாழ்ந்து பார்த்து, அந்த அனுபவத்தோடு பெரிய வெள்ளியன்று பேசுவது.

காணிக்கை எடுக்கும் இரண்டு வெல்வெட் பைகளில் சீட்டுகளைப் போட்டார்கள். நீளக் கழியின் முனையில் தொங்கும் அந்தக் கருஞ்சிவப்புப் பைகள் இப்போது இல்லை. க்யூஆர் அட்டை ஒட்டியிருக்கிறார்கள்.

முதல் வார்த்தை செயலாளருக்கு விழுந்தது. அவருக்கு வந்த ஞானி ஆப்பிரிக்காவில் ஆயராக இருந்தவர். சின்ன வயதில் தோழர்களோடு சேர்ந்து பேரிக்காய் திருடியதை, ஆயரான பிறகு ஊரறிய எழுதியவராம். பசிக்காகத் திருடவில்லை, தப்பு செய்வதில் இருந்த ருசிக்காகத் திருடினேன் என்று மனதைப் பிளந்து காட்டியவர் என்று போதகர் விளக்கினார். ஞாயிறு பள்ளி வாத்தியாருக்கு, கோவில் கதவில் தாளை ஆணியடித்துக் கேள்வி கேட்ட ஜெர்மானியத் துறவி வந்தார். ஐந்தாம் வார்த்தை, தாகம் என்று ஆண்டவர் சொன்ன வார்த்தை, நைனாவுக்கு விழுந்தது. கூட விழுந்த ஞானியும் ஜெர்மனிக்காரர்தான், ஆனால் நம் தாத்தா காலத்தவர். நாட்டை ஆண்ட கொடியவனுக்குச் சபையே கும்பிடு போட்டபோது, இவர் மாட்டேன் என்று சொல்லிச் சிறைக்குப் போய்த் தூக்கில் செத்தவர்.

நைனாவுக்கு அன்று இரவு சோறு இறங்கவில்லை. சந்தோஷத்தில்.

அம்மா கேட்டாள், "அந்த ஜெர்மன்காரு இன்னா தப்பு பண்ணாரு, தூக்குல போட?"

"பொய்க்குத் தலையாட்ட மாட்டேன்னாராம்."

"பொண்டாட்டி புள்ள கீதா அவுருக்கு?"

"கல்யாணமே ஆவலையாம்."

"அதான்" என்றாள் அம்மா. தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

பழைய இறையியலைப் பற்றி இத்தனை வருடத்தில் நான் கேட்ட விமர்சனங்களில் அதுதான் சுருக்கம். சிரிக்காதீர்கள். அவளுக்குத்தான் விஷயம் முதலில் புரிந்திருந்தது.

வீட்டு விசேஷத்துக்கென்று வைத்திருந்த பணத்தை எடுத்து நைனாவுக்கு ஒரு முழுக்கை வெள்ளைச் சட்டை தைத்தாள். பீடத்தில் ஏறும்போது போட. மடிப்புக் கலையாமல் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாள். நான் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். அம்மா முதுகில் ஒன்று வைப்பாள்.

லெந்து தொடங்கியது. புதன்கிழமைதோறும் ஒரு வீட்டில் கூட்டம். போதகர் ஞானிகளைப் பற்றிப் பேசுவார், பிறகு சுண்டலும் டீயும். ஜனங்கள் உருகினார்கள். கதவில் தாள் அடித்த துறவியைப் பெற்ற வாத்தியார் என்ன செய்தார் தெரியுமா? நம் கோவில் கதவில் ஒரு தாளை ஆணியடித்தார். 'செருப்புகளை வரிசையாக விடவும்.' அந்தத் துறவியின் தைரியம் தமக்குள் இறங்கியதாக அடுத்த கூட்டத்தில் சொன்னார். எல்லாரும் ஆமென் போட்டார்கள். நான் சின்னப் பையன், நானும் போட்டேன்.

இரண்டு மூன்று வாரம் இப்படியே போனது. ஒருநாள் சாயந்திரம் நைனா டிபன் கேரியர் இல்லாமல் வந்தார். சட்டையில் எண்ணெய்க்கு மேல் வேறொரு கறை. பிரஸ் ஷாப்பில் அவருக்குப் பக்கத்து மெஷினில் நின்றவருக்குக் கை போய்விட்டது. வலது கையில் கட்டை விரலும் சுண்டு விரலும்தான் மிச்சம். அவரைப் பிரஸ்காரர் என்றே சொல்கிறேன். நம் சபை இல்லை, மாரியம்மன் கும்பிடுகிறவர். நைனாவும் அவரும் ஒருவரை ஒருவர் மாமே என்று கூப்பிட்டு, ஒரே பீடியைப் பாதிப் பாதி இழுப்பவர்கள்.

பிரஸ்ஸின் வாயில் கம்பிக் கூண்டு மாதிரி ஒரு கார்டு இருக்கும். டை இறங்கும்போது கை உள்ளே போகாமல் தடுப்பது. அது இருந்தால் தகடு வைத்து எடுக்க நேரமாகும், உருப்படி குறையும். ஆர்டர் நெருக்குகிறது, அதைக் கழற்றுங்கள் என்று சூப்பர்வைசர் சொன்னார். சூப்பர்வைசர் என்றால் நம் செயலாளர். ஸ்பேனர் போட்டுக் கழற்றியது நைனா. கழற்றிய கார்டை ஷாப்புக்குப் பின்னால் ஸ்கிராப்போடு போட்டார்கள். கை போன பிறகு அது மறுபடியும் மெஷினில் மாட்டப்பட்டிருந்தது. பிரஸ்காரரே வேகத்துக்கு ஆசைப்பட்டுக் கழற்றினார் என்று கம்பெனி சொன்னது. பார்த்த ஆள் நைனா ஒருவர்தான்.

செயலாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அதுவரை வந்ததில்லை. அம்மா ஸ்டூலை முந்தானையால் துடைத்துப் போட்டாள்.

"வேய், நாளைக்கு விசாரணை. நான் ஒண்ணும் பார்க்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லும். அவ்வளவுதான். பொய் சொல்லச் சொல்லலை, பாரும்."

"பார்த்தேனே சார்."

"பார்த்ததை எல்லாம் சொல்லணும்னு வேதத்துல இருக்கா? கழட்டினது யாரு? நீரு. சொன்னீர்னா மொதல்ல ஒம்ம கழுத்துலதான் கத்தி. பையன் என்ன படிக்கான்?"

"அஞ்சாவது."

"நல்லாப் படிக்க வையும்" என்று என் தலையைத் தடவினார். தேங்காய் எண்ணெய் கையில் ஒட்டியதும் வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

நைனா போதகரிடம் போனார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். போதகர் அந்தத் தூக்கில் செத்தவரின் படம் போட்ட புத்தகத்தைத்தான் அப்போது படித்துக்கொண்டிருந்தார். நைனா எல்லாவற்றையும் சொன்னார். "இன்னா பண்றது ஐயா? சீட்டுல எனக்கு வந்தவரு இருந்தா இன்னா பண்ணியிருப்பாரு?"

போதகர் புத்தகத்தை மூடினார். விரலை மட்டும் அடையாளத்துக்கு உள்ளே வைத்துக்கொண்டார். "அதுவும் இதுவும் ஒண்ணு இல்ல பிரதர். அது ஒரு தேசத்தோட பிரச்சினை. உலக யுத்தம். இது ஒரு கம்பெனி விஷயம். ஞானமா நடந்துக்கணும். செயலாளரும் நம்ம விசுவாசிதானே. சபையில சமாதானம் முக்கியம்."

"அவரு ஊர்லயும் சபையில அப்டிதான் சொன்னாங்கன்னு நீங்கதான ஐயா சொன்னீங்க?"

போதகர் சிரித்தார். ஜெபிக்கலாம் என்றார். கண்ணை மூடிக்கொண்டு நீளமாக ஜெபித்தார். நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். நைனாவும் திறந்துதான் வைத்திருந்தார்.

அந்தப் போதகர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. கெட்டவனாக இருக்கவும் கொஞ்சம் முதுகெலும்பு வேண்டும். தூரத்து நெருப்பில் குளிர்காய்கிறவர் அவர். ஆப்பிரிக்கா, ஜெர்மனி என்றால் கண் கலங்கும். எஸ்டேட் இரண்டாவது தெரு என்றால் கண்ணை மூடி ஜெபம்.

விசாரணையில் நைனா சொன்னார். கார்டைக் கழற்றச் சொன்னது சூப்பர்வைசர், கழற்றியது நான். இரண்டையும் சேர்த்தே சொன்னார். அதே இடத்தில் அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள், பாதுகாப்புக் கார்டைக் கழற்றிய குற்றத்துக்காக. கழற்றச் சொன்னவர் மேல் குற்றம் எதுவும் இல்லை. ஈஸ்டர் கழிந்து லேபர் ஆபீசர் முன்னால் இன்னொரு விசாரணை இருந்தது. அங்கே மாற்றிச் சொன்னால் வேலை திரும்பக் கிடைக்கும் என்று ஆள்மேல் ஆள் விட்டார்கள். மாற்றாவிட்டால் எங்கள் வீட்டு அடுப்பு, என் பள்ளிக்கூடம், எல்லாம் போகும். மாற்றினால் பிரஸ்காரரின் கை அவர் தப்பால்தான் போனது, அவருக்கு ஒன்றும் கிடைக்காது என்று ஆகிவிடும். இதுதான் விஷயம். ஏழு வயதுப் பிள்ளைக்கும் புரிகிற விஷயம். படித்த சபைக்குத்தான் ஜெபிக்க வேண்டியிருந்தது.

பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் போதகர் வீட்டுக்கு வந்து, ஐந்தாம் வார்த்தையைத் தாமே பேசிவிடுவதாகச் சொன்னார். "உங்களுக்கே மனசு சரியில்லாத நேரம், பீடத்துல ஏத்திக் கஷ்டப்படுத்த வேணாம்னு கமிட்டி நினைக்குது." அம்மா தலையணையின் மேல் உட்கார்ந்திருந்தாள். அடியில் சட்டை இருந்தது.

மறுநாள் நைனா அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் கோவிலுக்கு வந்தார். பீடத்துக்கு என்று தைத்ததைக் கடைசி வரிசையில் உட்கார்ந்து போட்டிருந்தார். வெயில் ஓட்டின் வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. விசிறியை நிறுத்தியிருந்தார்கள், ஆண்டவரின் பாடுகளில் பங்கெடுக்கவாம்.

முதல் வார்த்தைக்குச் செயலாளர் ஏறினார். ஆப்பிரிக்க ஆயரைப் பற்றிப் பேசினார். பிறகு கைகளைக் கூப்பினார். "நானும் ஒரு பாவத்தை இத்தனை வருஷமா மறைச்சு வச்சிருக்கேன். இன்னைக்கு ஒங்க முன்னால அறிக்கை பண்ணுதேன்."

கோவில் மூச்சை அடக்கியது. நைனா முன்னால் சாய்ந்தார். அவர் முகத்தில் அப்போது வந்தது என்ன என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். நம்பிக்கைதான். செயலாளர் சொல்லிவிடுவார் என்று நிஜமாகவே நம்பினார் அந்த மனுஷன்.

"சின்னப் பையனா இருக்கையில எங்க ஊர்ல, பக்கத்துத் தோட்டத்துல ஏறி, மாங்கா திருடினேன்."

குரல் உடைந்தது. கண்ணீர் நிஜமான கண்ணீர். பெண்கள் பக்கம் விசும்பல் கேட்டது. போதகர் எழுந்து போய் அவரைக் கட்டிப்பிடித்தார். பேரிக்காய் அவர் ஊரில் காய்க்காது, அதனால் மாங்காய். ஞானியிடமிருந்து அவர் கற்றுக்கொண்டது அவ்வளவுதான். பழத்தை மாற்றினார்.

நைனா மெதுவாகப் பின்னுக்குச் சாய்ந்தார். பெஞ்சு கிறீச்சிட்டது.

ஐந்தாம் வார்த்தைக்குப் போதகர் ஏறும் நேரம் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கேட்டுக்கு வெளியே பிரஸ்காரர் நின்றிருந்தார். கையில் முழங்கைவரை வெள்ளைக் கட்டு. ஆஸ்பத்திரியில் கட்டு மாற்றிக்கொண்டு நேராக வந்திருந்தார். நான் நைனாவின் சட்டையை இழுத்தேன். அவர் எழுந்து வெளியே போனார், நானும் பின்னால் போனேன்.

"இன்னா மாமே, மாப்ள மாதிரி வெள்ள சட்ட?" என்றார் பிரஸ்காரர். உதடு வெடித்திருந்தது.

"நீ இன்னா இந்த வெயில்ல?"

"தபாரு, சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். எனக்குப் போன வெரலு போச்சு. நீ மாத்திச் சொல்லிடு. ஒன் புள்ள படிக்கிற புள்ள. என்னால நீ பேஜாராவ வோணாம்."

நைனா அவர் கைக்கட்டைப் பார்த்தார். பிறகு, "கழட்டினது நான்தான் மாமே" என்றார்.

"தெரியும். ஸ்பேனர எடுத்துக் குட்த்தது யாரு, ஒங்க தாத்தாவா? நான்தான?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கு ஏன் என்று புரியவில்லை. அந்தச் சமயத்தில் ஒலிபெருக்கியில் போதகர் தாகத்தைப் பற்றி உருக்கமாகப் பேச ஆரம்பித்தார். சிறையில் இருந்த ஜெர்மானியரின் தாகம், நீதியின் தாகம் என்று அடுக்கினார். உள்ளபடியே நல்ல பேச்சு. நைனா பேச வேண்டியதை நைனாவைவிட நன்றாகப் பேசினார்.

பிரஸ்காரர் காது கொடுத்துக் கேட்டார். "இன்னா சொல்றாரு ஒங்காளு?"

"சிலுவைல சாமிக்குத் தாகம் எடுத்துச்சின்றாரு."

"ஒங்க சாமிக்கே எடுக்குதாம், எனக்கு எடுக்கக் கூடாதா? தண்ணி கீதா மாமே? நாக்கு ஒட்டிகினு கீது."

கோவில் குழாயை அன்றைக்குப் பூட்டி வைத்திருந்தார்கள். பிள்ளைகள் நோன்பு முறிக்காமல் இருக்க. மர நிழலில் கஞ்சி அண்டா இருந்தது, மூடிமேல் ஒரு கல். நைனா கல்லை எடுத்துக் கீழே வைத்தார். மூடியைத் திறந்தார். பூண்டு வாசனை குபீரென்று வந்தது. தொன்னையில் மொண்டு ஊதி, பிரஸ்காரரின் இடது கையில் கொடுத்தார். தொன்னையின் அடி ஒழுகியது. அது கட்டில் படாமல் நைனா தம் கையை அடியில் பிடித்துக்கொண்டார். வெள்ளைச் சட்டையின் முழுக்கை நனைந்தது.

"உப்பு கம்மி" என்றார் பிரஸ்காரர்.

"நாப்பது நாளா கண்ணீர் வுட்டு ஒப்பாரி வெக்கிறாங்க, போதலையா?" என்றார் நைனா.

கஞ்சி காய்ச்சிய மாதர் சங்கத்து அம்மாள் ஓடி வந்தாள். "ஐயையோ, இன்னும் ஆசீர்வாதம் ஆவலியே! யாரு இந்த ஆளு?" அவள் சத்தத்துக்கு உள்ளே இருந்து தலைகள் திரும்பின. செயலாளர் வாசல்வரை வந்தார். இன்னும் கண் சிவந்திருந்தது, மாங்காய்க்காக. பிரஸ்காரரையும் அவர் கையையும் பார்த்தார். திரும்பி உள்ளே போய், ஆறாம் வார்த்தைக்குப் பாட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.

ஈஸ்டர் முடிந்து நைனா லேபர் ஆபீசர் முன்னால் மறுபடி அதையே சொன்னார். பிரஸ்காரருக்குக் கம்பெனி கேட்டிலேயே வாட்ச்மேன் வேலை கொடுக்கும்படி ஆனது. நைனாவுக்கு வேலை போனது. எஸ்டேட்டில் வேறெந்தக் கம்பெனியும் சேர்க்கவில்லை. சபைக் கமிட்டி கூடி, பரிசுத்த நாளில் ஆசீர்வாதத்துக்கு முன் கஞ்சியைத் திறந்து அந்நியனுக்குக் கொடுத்ததற்காக அவரைத் திருவிருந்திலிருந்து விலக்கி வைத்தது. அந்தத் தீர்மானத்தில் பிரஸ் இல்லை. கார்டு இல்லை. விரல் இல்லை. கஞ்சி இருந்தது.

அதைக் கேட்டு நைனா சொன்னது: "பரவால்ல, கஞ்சி விஷயத்துல உண்மைய சொல்லிகீறாங்க."

நாங்கள் செம்பரம்பாக்கம் பக்கம் செங்கல் சூளைக்குப் போனோம். பள்ளிக்கூடம் திறந்தபோது நான் கல் சுமந்துகொண்டிருந்தேன். தலை வலிக்கிறது என்று அழுதேன். அம்மா அந்த வெள்ளைச் சட்டையை எடுத்து, கஞ்சிக் கறை பட்ட கையைத் தனியாகக் கிழித்துச் சுருட்டி எனக்குச் சும்மாடு செய்துகொடுத்தாள். சூளை மூடும்வரை அது என் தலையில் இருந்தது. செம்மண் ஏறி ஏறி அது வெள்ளை என்று சொன்னால் யாரும் நம்பாத நிறத்துக்கு வந்தது. பிறகு எங்கேயோ போய்விட்டது. சூளை இருந்த இடத்தில் இப்போது கோடவுன். ஏரித் தண்ணீரைப் பார்த்தபடி பிளாட் போட்டிருக்கிறார்கள்.

அப்படியானால் நீ ஏன் அதே சபைக்குப் போகிறாய் என்று கேட்பீர்கள். கல்லறைத் தோட்டம் அவர்களிடம் இருக்கிறது. நம்மில் பாதிப்பேர் சபையில் இருப்பது அதற்காகத்தான், வெளியே சொல்வதில்லை. நைனாவை அங்கே அடக்கம் செய்த பிறகு, தனக்கும் அவர் பக்கத்திலேயே இடம் வேண்டும் என்று அம்மா சொன்னாள். அவளை வைத்த பிறகு எனக்கும் அங்கேதான் என்று ஆகிவிட்டது. நசரத்பேட்டையிலிருந்து பஸ் ஏறிப் போகிறேன். கஞ்சி காய்ச்சும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். வேறு யாரும் கேட்கவில்லை, அடுப்புச் சூட்டில் நிற்க வேண்டுமே.

பிரஸ்காரர் உயிரோடு இருந்தவரை ஒவ்வொரு பெரிய வெள்ளிக்கும் ஐந்தாம் வார்த்தை நேரத்துக்குச் சரியாகக் கேட்டுக்கு வருவார். "இன்னாடா, ஒங்க சாமிக்குத் தாகம் எடுத்துச்சா?" என்பார். நான் மூடியைத் திறப்பேன். அவர் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. நான் திறப்பதை நிறுத்தவில்லை. யாராவது நிற்பார்கள். தாகம் என்று ஒன்று இருக்கும்வரை கேட்டுக்கு வெளியே ஆள் குறையாது.

அந்தப் பழைய ஞானிகள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவர்கள் எழுதியதைப் படிக்க எனக்குப் படிப்பு இல்லை, கேட்டதுதான். ஆனால் ஒன்று தெரிகிறது. அவர்கள் தங்களுக்கு முந்தினவர்களை வேஷம் போட்டு நடிக்கவில்லை. அவரவர் ஊரில், அவரவர் கண்ணுக்கு முன்னால் எந்தக் கார்டு கழற்றப்பட்டதோ, அதைச் சொன்னார்கள். நம் ஆட்கள் அவர்களைப் படிப்பது, தம் ஊரைப் பார்க்காமல் இருப்பதற்கு. ஊறுகாய் மாதிரி தொட்டுக்கொள்கிறார்கள். நாக்கில் உறைக்கும், வயிற்றை ஒன்றும் செய்யாது.

ஊறுகாய் என்றதும்தான் ஞாபகம் வருகிறது. செயலாளர் இறந்த பிறகு அவர் குடும்பத்தார் அவர் நினைவாக ஒவ்வொரு பெரிய வெள்ளிக்கும் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள மாங்காய் ஊறுகாய் கொடுக்கிறார்கள். வாளியில் அவர் பெயர் போட்டு ஒட்டியிருக்கும். இதை நான் கற்பனை செய்யவில்லை. கற்பனை செய்கிற அளவுக்கு எனக்குப் படிப்பு கிடையாது என்று முன்னமே சொன்னேன்.

இந்த வருடம் அந்த வாலிபர் மாங்காய்க் கதையை முடித்து இறங்கினார். மற்ற வார்த்தைகள் போயின. ஐந்தாவது வந்தது. எதிரே எழும்பிக்கொண்டிருக்கும் கட்டடத்தில் வேலை செய்யும் ஒரு வடநாட்டுப் பெண், இடுப்பில் பிள்ளையோடு கேட்டுக் கம்பியைப் பிடித்து நின்றிருந்தாள். நான் கல்லை இறக்கி வைத்து மூடியைத் திறந்தேன். ஒரு கப்பில் ஊற்றினேன்.

வாலிபர் வேகமாக வந்தார். "அங்கிள், அங்கிள், இன்னும் ரெண்டு வார்த்தை இருக்கு. பிளெஸ்ஸிங் முடிஞ்சுதான் சர்வ் பண்ணணும்."

நான் வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை. கப்பை அவளிடம் நீட்டினேன். பிள்ளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது.

அவர் நல்ல பையன். வெறும் கஞ்சியாகக் குடிக்கிறார்களே என்று அவருக்கு மனசு கேட்கவில்லை. வாளியை எடுத்து வந்தார். "ஓகே அங்கிள், கொடுக்கறதுதான் கொடுக்கறீங்க, இதையும் வச்சுக் கொடுங்க."

பெயர் ஒட்டிய வாளி. உள்ளே சிவப்பாக எண்ணெய் மிதந்தது. அந்தக் கோவில் வளாகத்தில் இத்தனை வருடத்தில் முதல்தடவையாக என் நாக்கு மேலண்ணத்தை விட்டு இறங்கியது.

"வேணாம் தம்பி" என்றேன். "அது திருட்டு மாங்கா."